மக்கும் பையில் நமத்துப்போன முறுக்கு: சிங்கப்பூர்ப் பலகாரக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடும்பமாக நடத்தும் பலகாரக் கடை அது. பெயர் போடாமல் எழுதுவதாகச் சொன்ன பிறகுதான் கடைக்கார அக்கா கணக்குப் புத்தகத்திலிருந்து பொரிக்கும் சட்டிவரை எல்லாவற்றையும் காட்டினார். முறுக்கு, ஓமப்பொடி, அச்சுமுறுக்கு, மிக்ஸர் விற்கிறார்கள். அதோடு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தோசை மாவும் உண்டு. ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் வந்துவிடும். அந்த நேரத்தில் ஏதாவது தவறினால் அடுத்த தீபாவளிவரை அதைச் சரிக்கட்ட முடியாது.

தவறியது அந்த நேரத்தில்தான். ஒரு நிறுவனம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் தீபாவளிப் பரிசுக் கூடைக்கு முறுக்கு கேட்டது. உறை சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்காவின் மகளும் இதை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பைக்கு 5 காசு வசூலிக்கத் தொடங்கியபின் வாடிக்கையாளர்களும் கடையில் உறை பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சரி, மாற்றிவிடலாம் என்று இரண்டு மாற்றங்களை ஒரே பருவத்தில் செய்தார்கள். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள பளபளப்பான பைக்குப் பதிலாக, வெளியே பழுப்புக் காகிதமும் உள்ளே பி.எல்.ஏ. என்னும் தாவரவழிப் பிளாஸ்டிக் படலமும் கொண்ட மக்கும் பை வந்தது. தோசை மாவுக்குத் தெர்மாக்கோல் பெட்டி போய், உட்புறம் காகித மெத்தை வைத்த அட்டைப் பெட்டி வந்தது.

இரண்டும் சொதப்பின. முறுக்கு நமத்தது, மாவு புளித்தது. உறைப் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் யார் மேல் பழி?

பழி முதலில் விழுந்தது மாவு பிசைந்தவர் மேல். உளுத்தமாவு கூடிவிட்டது, எண்ணெய் காயவில்லை, அவசரத்தில் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பொரியும் முறுக்கைச் சுற்றி எழும் குமிழிகள் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் வருபவை. சலசலப்பு அடங்குமுன் எடுத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அக்கா அசையவில்லை. "தம்பி, இருவது வருஷமா இதே கை, இதே சட்டி. மாத்துனது பை மட்டும்தான்."

புகார்கள் வந்த விதமும் அக்கா பக்கமே பேசியது. ஐந்தடிப் பாதையை, அதாவது கடைமுன் நடைபாதையைப் பார்த்த மாதிரி கொக்கியில் தொங்கவிட்டு விற்ற கடைகளிலிருந்து மறுநாளே பைகள் திரும்பின. அதே நாள், அதே சட்டியில் பொரித்து அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய பைகளில் நடுவில் இருந்தவை மொறுமொறுப்பாகவே இருந்தன. ஓரத்துப் பைகள் இரண்டும் கெட்டான் நிலையில் இருந்தன. பொரித்ததில் கோளாறு என்றால் எல்லாமே ஒரே மாதிரி நமத்திருக்க வேண்டும். காற்று படும் பையில் மட்டும் கோளாறு என்றால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போகிறது.

அடுத்த சந்தேகம் பையின் வாய். வெப்பத்தால் ஒட்டும் இயந்திரத்தைப் பழைய பைக்கு வைத்திருந்த சூட்டிலேயே ஓட்டியிருந்தார்கள். பி.எல்.ஏ. படலம் ஒட்டுவதற்குரிய வெப்பநிலை வேறு. சூடு குறைந்தால் பிடிக்காது, கூடினால் சுருங்கி மடிப்பு விழும். போதாக்குறைக்கு முறுக்குத் தூளும் எண்ணெயும் ஒட்டும் இடத்தில் சிக்கியிருந்தன. கேசரிப் பவுடரை ஸ்பிரிட்டில் கரைத்துப் பையின் உள்ளே விட்டுத் தலைகீழாக நிறுத்தியதில் சில பைகளின் ஒட்டில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு வெளியே ஓடியது. அக்கா முகத்தில் ஒரு நிம்மதி. இயந்திரத்தைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்தார்.

போதவில்லை. ஒட்டு சுத்தமாக இருந்த பைகளும் நமத்திருந்தன. இந்த இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும், ஓட்டையே இல்லாத படலத்தின் வழியாகவும் நீராவி நடந்து போகும் என்பது மறந்துவிடுகிறது.

பி.எல்.ஏ. ஏன் விடுகிறது

பி.எல்.ஏ. என்பது பாலிலாக்டிக் அமிலம். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. நமக்குப் பக்கத்திலேயே, தாய்லாந்தின் ராயோங்கில், ஆண்டுக்கு 75,000 டன் தயாரிக்கும் ஆலை 2018 இறுதியில் ஓடத் தொடங்கியது. பி.எல்.ஏ. பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். அமெரிக்காவில் 2010-இல் சன்சிப்ஸ் வறுவலுக்கு இதில் செய்த மக்கும் பை வந்து, தொட்டாலே கடகடவென்று போடும் சத்தத்துக்காகக் கேலிக்கு ஆளாகி, பெரும்பாலான வகைகளுக்கு அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. அதன் உட்புறத்திலும் உலோகப் பூச்சு இருந்தது. வெறும் பி.எல்.ஏ.வை நம்பி வறுவலை அடைக்க அவர்களே துணியவில்லை.

காரணம் மூலக்கூறில் இருக்கிறது. பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. தண்ணீரோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பி.எல்.ஏ. சங்கிலியிலோ அடிக்கொரு எஸ்டர் பிணைப்பு உண்டு. அதிலுள்ள ஆக்சிஜன் நீர் மூலக்கூறை ஈர்க்கும். ஒரு பக்கம் நீராவி கரைந்து, நடுவே ஊடுருவி, மறுபக்கம் வெளியேறும். ஆக்சிஜன் வாயு கதை இதற்கு நேர்மாறு. அதைத் தடுப்பதில் பி.எல்.ஏ., பாலிப்ரொப்பிலீனைவிடத் தேவலை. விற்பனையாளர் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது இந்த ஆக்சிஜன் தகவல்தான். எண்ணெயில் சிக்கு வாடை வருவதற்கு ஆக்சிஜன் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் சிக்கு வாடை வர வாரக்கணக்கு ஆகும். நமத்துப்போக ஒரு ராத்திரி போதும்.

நீராவி விவரமும் அதே தாளில் இருந்தது, சிறிய எழுத்தில். சோதித்த சூழல் 23 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு. சிங்கப்பூரில் அப்படி ஒரு நாள் குளிர்சாதன அறைக்குள்தான் உண்டு. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். வெப்பமண்டலத்துக்கான வழக்கமான சோதனை 38 டிகிரி, 90 விழுக்காட்டில் நடக்கும். அந்தச் சூழலில் 25 மைக்ரான் பி.எல்.ஏ. படலம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 300 கிராம் நீராவியைக் கடத்தும். அதே படலம் 23-க்கு 50 என்ற சூழலில் 70 சொச்சம்தான் காட்டும். படலம் மாறவில்லை, அதைத் தள்ளும் நீராவி அழுத்தம் மாறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, இழுத்துச் செய்த சாதாரண பாலிப்ரொப்பிலீன் படலம் 38-க்கு 90-இல் 5, 6 கிராம் விடும். நல்ல உலோகப் பூச்சுப் படலம் 1 கிராமுக்கும் குறைவாக விடும்.

கடையின் மேசைமேலேயே போட்ட கணக்கு

இதை அக்காவுக்கு விளக்க ஒரு பில் தாளின் பின்பக்கம் போதுமானதாக இருந்தது. பை 18-க்கு 25 சென்டிமீட்டர். இரு பக்கமும் சேர்த்து 0.09 சதுர மீட்டர். உள்ளே 200 கிராம் முறுக்கு. பொரித்து ஆறிய முறுக்கில் ஈரம் 2, 3 விழுக்காடு இருக்கும். மேலும் 2 விழுக்காடு ஏறினால் கடிக்கும்போது சத்தம் போய்விடும் என்று வைத்துக்கொண்டோம். ஆக, ஒரு பைக்கு நாம் தரும் சலுகை 4 கிராம் தண்ணீர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

உட்படலம் 40 மைக்ரான். 38-க்கு 90 என்ற சூழலில் இது 190 கிராம் அளவுக்கு விடும். நம் கடைவாசல் 29 டிகிரி, 80 விழுக்காடு என்று எடுத்து, முறுக்கின் உள்ளே இருக்கும் சிறிதளவு நீராவி அழுத்தத்தையும் கழித்தால், தள்ளும் விசை சோதனைச் சூழலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியும் சதுர மீட்டருக்கு 60 கிராமுக்கு மேல் வருகிறது. பைக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை கிராம். நாலு கிராம் சலுகை ஒரு நாள்கூடத் தாங்காது. முறுக்கு ஈரம் குடிக்கக் குடிக்க வேகம் குறையும், ஆனாலும் நாள்கணக்கு வாரக்கணக்காகாது.

இதே கணக்கில் சாதாரண பாலிப்ரொப்பிலீன் பை மூன்று வாரம் தாங்குகிறது. பழைய உலோகப் பூச்சுப் பை நாலு மாதத்துக்கு மேல் தாங்குகிறது. தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் அடுக்கியிருக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடியின் சுவர் தடிமனாக இருப்பதால் அதன் வழியே போவது கொஞ்சம். மூடி ஓரம்தான் அதன் பலவீனம். அதனால்தான் நம் ஆட்கள் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறார்கள்.

கணக்கை மட்டும் நம்பவில்லை. அடுப்பில் நன்றாக உலர்த்திய சிலிக்கா ஜெல்லைப் பைகளில் நிரப்பி, ஒட்டை இருமுறை போட்டு, கடைவாசல் கொக்கியில் மாட்டித் தினமும் எடை போட்டோம். நகைக்கடைத் தராசு மாதிரியான சின்னத் தராசு ஒன்று இருந்தால் யாரும் செய்யலாம். ஏறிய எடை முழுவதும் படலத்தின் வழியே வந்த தண்ணீர். தாளில் வந்த கணக்கும் தராசும் பெரிதாக வேறுபடவில்லை.

அப்படியானால் வாங்குமுன் செய்த சோதனையில் ஏன் தெரியவில்லை? மகள் சோதித்துத்தான் வாங்கியிருக்கிறாள், ஒரு வாரம் வைத்துத் தின்றும் பார்த்திருக்கிறாள். எங்கே வைத்தாய் என்று கேட்டதும் சமையலறை அலமாரியைக் காட்டினாள். அங்கே இருந்தது இறுக்கமான மூடி போட்ட பெரிய டப்பா. மாதிரிப் பைகளை எறும்புக்குப் பயந்து அதற்குள் அடுக்கியிருந்தாள். அந்த வாரம் முழுக்க ஈரத்தைத் தடுத்தது டப்பா. பெயர் வாங்கியது பை.

புளித்த மாவு

மாவுப் பெட்டியின் கதை வேறு மாதிரித் தோன்றினாலும் இங்கும் ஒரு குற்றவாளி அதே ஈரம்தான்.

தெர்மாக்கோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காற்று. அதன் வெப்பக் கடத்தல் எண் (இது குறையக் குறைய வெப்பம் குறைவாகப் புகும்) 0.035-க்கு அருகே. அசையாத காற்றின் எண்ணே 0.026 என்பதால், மலிவாகச் செய்யும் எதுவும் இதைப் பெரிதாக மிஞ்சாது. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும் 0.6 சதுர மீட்டர் பரப்பும் உள்ள பெட்டி, வெளியே 31 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்றால் 22 வாட் வெப்பம் உள்ளே வரும். நாலு மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கும். காகித மெத்தை காய்ந்திருக்கும்போது 0.05 என்று வைத்தாலும் அதே நேரத்துக்கு 1.3 கிலோவுக்கு மேல் பனிக்கட்டி வேண்டும். கடையில் வைத்தது பழைய அளவுதான். இதுவே முதல் கோளாறு.

இரண்டாவது கோளாறு சவாரியின்போது வந்தது. ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கிலும் பெட்டியைத் திறந்து மூடும்போது ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த மாவுப் பைமேல் வியர்த்து, காகித மெத்தை அதைக் குடித்துக்கொண்டது. தண்ணீரின் கடத்தல் எண் 0.6, காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல். நார்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்ததும் மெத்தை மெத்தையாக இல்லை. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மாவு பொங்கிப் பையை உப்பவைத்திருந்தது. கையால் தொட்டால் பெட்டியின் அடிமூலை சொதசொதவென்று இருந்தது.

ஆய்வுக்கூடங்களில் இருப்பவை

இங்கேதான் அக்காவின் மகள் கேட்டாள்: "சிங்கப்பூர்லயே இவ்வளவு ஆராய்ச்சி நடக்குதே அண்ணே, அதுல ஒண்ணும் நமக்கு ஆகாதா?"

நியாயமான கேள்வி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று பழைய பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து ஏரோஜெல் (நுண்துளைகளில் காற்று நிறைந்த பொருள்) செய்து 2018-இல் அறிவித்தது. ஒரு போத்தலிலிருந்து ஏ4 தாள் அளவுக்கு ஒரு விரிப்பு கிடைக்கும். மிக இலேசானது, வளையக்கூடியது. கழிவு பயன்படு பொருளாவது அதன் பெருமை. ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் அது தெர்மாக்கோலுக்கு இணைதான், அதைத் தூக்கிச் சாப்பிடுவதில்லை. சிலிக்கா ஏரோஜெல் 0.015 முதல் 0.020 வரை இறங்கும். விலையைக் கேட்டால் மாவு விற்று வாங்க முடியாது.

இன்னும் கீழே இறங்க வேண்டுமென்றால் வெற்றிடத் தகடு. நுண்ணிய சிலிக்காத் தூளை அழுத்தி, படலத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்டிவிடுவார்கள். எண் 0.004, 0.005-க்கு வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தகடு ஏழு, எட்டு சென்டிமீட்டர் தெர்மாக்கோலுக்குச் சமம். தடுப்புப் படலமும் வெப்பக் காப்பும் ஒரே பொருளாகிவிடும் இடம் இது. உறைப் படலம் வழியே காற்றும் நீராவியும் கசிந்தால் தகடு மெல்லச் செத்துவிடும். முறுக்குப் பைக்கு ஒரு கிராம் கசிவு தாராளம், இதற்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே கவலை தரும்.

கசிவை அந்த அளவுக்கு அடக்கும் ஆராய்ச்சியும் இங்கேயே நடந்திருக்கிறது. ஏஸ்டார் என்னும் அரசு ஆராய்ச்சி அமைப்பின் பொருளாய்வுக் கழகத்தில் 2008 வாக்கில், ஆக்சைடுப் பூச்சில் தவிர்க்க முடியாமல் விழும் நுண்துளைகளை நானோ துகள்களால் அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். அது வளையும் மின்திரைகளையும் சூரியத் தகடுகளையும் மனத்தில் வைத்துச் செய்தது. பலகாரத்துக்கு அந்தத் தரமும் தேவையில்லை, அந்தச் செலவும் கட்டாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஹார்வர்டுடன் சேர்ந்து, சோளப் புரதமும் மாவுச்சத்தும் கொண்டு கிருமிகளைக் கொல்லும் உறையை 2021-இல் காட்டியது. ஸ்டிராபெரி சாதாரணப் பெட்டியில் நாலு நாள் என்றால் இதில் ஏழு நாள் தாங்கியது. நல்ல வேலை. ஆனால் பழத்தின் எதிரி பூஞ்சை, முறுக்கின் எதிரி ஈரம். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

முறுக்குக்கு நெருங்கி வருபவை வேறு. ஒன்று, மரக்கூழிலிருந்து செய்யும் செல்லுலோஸ் படலத்தில் மெல்லிய உலோகப் பூச்சு. இன்னொன்று, பி.எல்.ஏ.வின்மேல் சிலிக்கா அல்லது அலுமினா பூச்சு. மூன்றாவது, நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்குள் சேமிக்கும் பி.எச்.ஏ. வகைப் பாலிமர்கள். இவை நீராவியை பி.எல்.ஏ.வைவிடப் பல மடங்கு நன்றாகத் தடுக்கும். மூன்றும் சந்தையில் கிடைப்பவையே.

கடைசியில் எங்கே போகிறது?

மக்கும் பை என்று சொன்னதும் அது எங்கேயோ போய் மண்ணாகிவிடும் என்ற எண்ணம் வருகிறது. பி.எல்.ஏ. மக்க 58 டிகிரி வெப்பமும் ஈரமும் பல வாரங்களும் தரும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். சிங்கப்பூரில் வீவக வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போய் எரிகிறது. அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கிச் சாம்பலாக செமாகாவ் தீவிலுள்ள குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகிறது. 1999-இல் திறந்த செமாகாவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பதால் நாட்டுக்கு இது உண்மையான தலைவலி. ஆனால் எரியும் உலைக்கு மக்கும் பையும் மக்காத பையும் ஒன்றே. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போட்டாலோ மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்து மறுசுழற்சியைக் கெடுக்கும். பிளாஸ்டிக் மறுசுழற்சி 2023-இல் 5 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பி.எல்.ஏ.வுக்கு ஒரு நியாயம் உண்டு. எரிந்து வெளிவரும் கார்பன், செடி காற்றிலிருந்து எடுத்தது. பூமிக்கடியிலிருந்து தோண்டியது அல்ல. இதை நான் சின்னதாக மதிக்கவில்லை. ஆனால் எடையைப் பாருங்கள். காகிதமும் 40 மைக்ரான் பி.எல்.ஏ.வும் சேர்ந்த பை 9 கிராம். பழைய பை 5 கிராம். உள்ளே இருப்பது அரிசியும் உளுந்தும் எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்த 200 கிராம். அந்தப் பருவத்தில் திரும்பி வந்த பைகள் முறுக்கோடு குப்பைக்குப் போனதைப் பார்த்தபின், பையின் பெயரில் பசுமை பேச எனக்கு வாய் வரவில்லை.

என்ன செய்தார்கள்

கடைகளுக்குப் போகும் முறுக்குக்கு, எல்லா அடுக்கும் பாலிப்ரொப்பிலீனாக இருக்கும் பைக்கு மாறினார்கள். நடு அடுக்கில் மட்டும் உலோகப் பூச்சு. பழைய பையில் பாலியெஸ்டரும் பாலிஎதிலீனும் ஒட்டிக் கிடந்ததால் பிரிக்கவே முடியாது. இது ஒரே குடும்பம் என்பதால், சேகரிக்க ஆள் வந்தால் மறுசுழற்சிக்கு வழி இருக்கும். பரிசுக் கூடை கேட்ட நிறுவனத்திடம் இந்தக் கணக்கையே கொடுத்தார்கள். அவர்கள் தகர டின்னுக்கு ஒத்துக்கொண்டார்கள். அண்டை அயல் வாடிக்கையாளர்கள் சொந்த டப்பா கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறைக்கிறார்கள். வயதானவர்கள்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள் என்றார் அக்கா.

மாவுக்குத் தெர்மாக்கோல் திரும்ப வந்தது, ஆனால் கடைக்கே திரும்பி வரும்படி. வீட்டில் மாவை மட்டும் கொடுத்துவிட்டுப் பெட்டி அதே வண்டியில் திரும்புகிறது. பனிக்கட்டிப் பொதி கூடியிருக்கிறது. தூரத்து வீடுகளைக் காலையிலேயே முடிக்கிறார்கள்.

விற்பனையாளரிடம் எந்தப் படலமானாலும் 38-க்கு 90 சூழலின் எண்ணைக் கேட்கிறார்கள். எந்தத் தடிமனுக்கு, சுருளாக இருக்கும்போதா பையாக மடித்த பின்னா என்றும் கேட்கிறார்கள். உலோகப் பூச்சு மடிப்பில் வெடிக்கும், ஆகவே கடைசிக் கேள்வி முக்கியம்.

பூச்சுப் போட்ட செல்லுலோஸ் படலத்தின் மாதிரி சிலிக்கா ஜெல் சோதனையில் ஆறு வார விற்பனைக்குப் போதும் என்ற அளவுக்கு வந்தது. இப்போது தடை, ஆலை கேட்கும் குறைந்தபட்ச அளவு. ஒரு கடை பல ஆண்டுகளுக்கு ஓட்டும் அளவு சுருளை ஒரே தடவையில் வாங்கச் சொல்கிறார்கள். அதனால் அச்சில்லாத சுருளாகச் சேர்ந்து வாங்கி, அவரவர் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாமா என்று அதே தெருவிலுள்ள வேறு சில பலகாரக் கடைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையின் அளவில்தான் இன்னும் ஒத்துவரவில்லை.